"ஆ" என்றால் ஆண் தவளை

நேற்று எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் மானாப் புல் வெட்டினார்கள். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மண் ஆறட்டும் என்று இரண்டு வருஷமாக அங்கே மானா போட்டிருக்கிறார்கள். நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெட்டிய புல்லின் வாசம் மூக்கில் ஏறியது. எலுமிச்சைத் தோலைக் கசக்கினாற்போல, அதில் கொஞ்சம் ஈரமண்ணும் கலந்தாற்போல. கால் தானாக நின்றுவிட்டது. பத்தனைப் புல்வெளியில் நாம் இடுப்புவரை நனைந்து நடந்த புல்லின் வாசம்தான் அது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இப்போதாவது அழுகை வருமா என்று ஓரமாக நின்று பார்த்தேன். வரவில்லை. பாண் ஒரு இறாத்தல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தபிறகுதான் உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. உன்னோடு பேசுவதென்றால் கடைசி இருபது வருஷமாக எழுதித்தானே பேசினேன். புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

மாத்தளையில் உன் அப்பாவின் பலசரக்குக் கடைக்கு மிஸ் வந்த நாளை நீ பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறாய். தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற சிங்களப் பெண். கண்ணாடி, குடை, சேறு அப்பிய சப்பாத்து. தமிழும் சிங்களமும் தெரிந்த, மலையேறத் தயங்காத ஆள் வேண்டும் என்று கேட்டாராம். ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்த நீ தராசைக் கீழே வைத்துவிட்டு, "நான் வாறேன் மிஸ். எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான், அவன் எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும்," என்றாயாம். பள்ளிக்கூடத்தில் உயர்தரம்வரை ஒன்றாகப் படித்தோம். பரீட்சை முடிந்து நான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில், சும்மா கிடந்த காலம் அது.

ரத்தோட்டையைத் தாண்டி மலையேறி மறுபக்கம் இறங்கினால் காடு சட்டென்று நின்று, மரமில்லாத பத்தனைப் புல்வெளி தொடங்கும். கிழக்கே வெகு கீழே வில்கமுவப் பக்கத்து வயல்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும். அந்தப் புல்வெளியில் வாழும் தவளை, தேரை எல்லாவற்றுக்கும் மிஸ் ஒரு அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கையில் பிடித்த எவரும், கேள்வி கேள்வியாகப் போய் அதன் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் தடித்த சுரப்பி இருக்கிறதா? இருந்தால் தேரை. இல்லையென்றால் விரல் நுனியைப் பார். வட்டத் தட்டு இருந்தால் மரத்தவளை. அதுவும் இல்லையென்றால் பின்கால் விரல்களுக்கு நடுவிலுள்ள சவ்வைப் பார். நுனிவரை வந்தால் குளத்துத் தவளை, பாதியில் நின்றால் வயல் தவளை.

எனக்கு அந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து, புரட்டி, அளந்து, கொப்பியில் எழுதினேன். நீ ஒன்றையும் புரட்ட மாட்டாய். மழை இருட்டிக்கொண்டு வரும் பின்னேரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாய்.

"சீப்பு ரெண்டு. மரத்துல தட்டுறவன் ஒன்னு. அந்தக் குழிக்கிட்ட குர்ரு ஒன்னு. எழுது மச்சான்."

"பாக்காம எப்படிடா எழுதுறது?"

"போய்ப் பாரு. நான் இங்கதான் இருக்கேன்."

போய்ப் பார்ப்பேன். சீப்புப் பல்லை நகத்தால் இழுப்பதுபோலக் கத்துகிற பெருவிரல் அளவுத் தவளை புல்லடியில் இரண்டு இருக்கும். மரத்தில் தட்டுவதுபோல டொக் டொக் என்பது புதரில் ஒட்டியிருக்கும். குழியருகே சொறித்தேரை தொண்டையை ஊதிக்கொண்டு குர்ர்ர் என்று இழுத்துக்கொண்டிருக்கும். நீ சொன்ன எண்ணிக்கை அநேகமாகப் பிசகாது. மிஸ் ஒருநாள் உன்னைப் பார்த்து, "இவருக்குக் காதிலே அட்டவணை இருக்கிறது," என்று சிங்களத்தில் சொன்னார். நீ வெட்கப்பட்டு, அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டாய்.

மழையில் வேகமாக எழுத வேண்டுமென்பதால் நான் எல்லாவற்றையும் சுருக்கினேன். ஆண் என்பதற்கு "ஆ". பெண்ணுக்குப் "பெ". முட்டைக்கு "மு". பிறகு இடம், நேரம், எண்ணிக்கை. அவ்வளவுதான் அந்தக் கொப்பியில் இருந்தது.

பிறகு அந்தக் கெட்ட வருஷம் வந்தது. பல்கலைக்கழகங்களை மூடினார்கள். அரசை எதிர்த்த சிங்கள இளைஞர்களின் உத்தரவு துண்டுக் காகிதத்தில் வந்தால் கடைகளைச் சாத்தினார்கள். காலை பஸ்ஸில் ரத்தோட்டைப் பாதையில் போகும்போது, ஓரத்தில் யார் கிடப்பார்களோ என்று யாரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. மிஸ் வருவது நின்றுபோய், ஒரு கடிதம் மட்டும் வந்தது. அட்டவணையில் கடைசியாக ஒன்று பாக்கி இருப்பதாகவும், பாறைத் தவளை முட்டையிடும் இடத்தை மழைக்காலத்தில் பார்த்தால்தான் அது முடியும் என்றும், ஆனால் நீங்கள் போக வேண்டாம், ஊர் அடங்கட்டும் என்றும் எழுதியிருந்தார். அறிக்கை அச்சாகும்போது உங்கள் இருவர் பெயரும் அதில் இருக்கும் என்றும் ஒரு வரி.

போக வேண்டாம் என்பதை நீ படித்தாய். பெயர் இருக்கும் என்பதை நான் படித்தேன்.

"இந்த வருஷம் விட்டுருவோம்டா. தவள எங்கயும் ஓடிப் போவாது," என்றாய்.

"ஒரே ஒரு நாள். காலையில போயிட்டுப் பின்னேரம் வந்துருவோம்."

"எதுக்கு இவ்வளவு அவசரம் ஒனக்கு?"

உன்னிடம் தேசிய அடையாள அட்டை இருந்தது. தோட்டத்துச் சனம் என்பதால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிரஜாவுரிமை இல்லை. தோட்டத்து ஆள் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தை மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மடிப்பில் கிழிந்து, பெயரின் பாதி போய்விட்டது. என் பெயர் அச்சில் வந்த ஒரு காகிதம் வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. நீ என்னைப் பார்த்துவிட்டு, "சரி, போவோம்," என்றாய்.

ஐப்பசி மழை. பத்தனைக்குக் கீழ்விளிம்பில் தண்ணீர் கசிகிற கரும்பாறையில் ஒரு வெடிப்பு. முகத்தைப் பாறையில் ஒட்டவைத்து உள்ளே பார்த்தோம். சப்பட்டையாக, பாறை நிறத்திலேயே புள்ளி புள்ளியாக ஒரு தவளை. பக்கத்தில் ஈரக்கல்லில் ஒட்டியபடி முட்டைகள். ஆண்தான் காவல் இருக்கும் என்று மிஸ் சொல்லியிருந்தார். நாம் மூச்சு விட்டதும் அது முட்டைகளை மறைத்துக்கொண்டு இன்னும் சப்பையாகியது. கொஞ்சம் தள்ளி, தண்ணீரே இல்லாத செங்குத்துப் பாறையில் தலைப்பிரட்டைகள் ஒட்டிக்கொண்டு நெளிந்தன.

"ஒன்ன புடிச்சு பையில போடவா?" என்றேன்.

"வேணாம்டா. முட்டைய வச்சுக்கிட்டு இருக்கு. எழுதிக்க, போதும்."

எழுதிக்கொண்டேன். அக்கம்பக்கத்து வெடிப்புகளையும் பார்த்தோம். "கல்லுக்குக் கீழே ஆ 4, மு." நீ அன்றைக்கு நிறையச் சிரித்தாய். இரண்டு பேரும் ஒரு பொட்டலம் சோற்றைப் பாறைமேல் வைத்துப் பிசைந்து தின்றோம்.

திரும்பும்போது பஸ்ஸை மறித்தார்கள். துவக்கு வைத்திருந்தார்கள். சிலர் சீருடையில், சிலர் சாதாரணச் சட்டையில். யாருடைய ஆட்கள் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. எல்லாரையும் இறக்கி அட்டை கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஒருவன் பஸ்ஸுக்குள் ஏறி, மேல்தட்டில் இருந்த நம் பையைக் கொண்டுவந்து தரையில் கொட்டினான். கயிறு, போத்தல், அளவுகோல், கொப்பி. யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான்.

நான் வாயைத் திறந்தேன். நீ என் பக்கம் திரும்பாமலே, "ஒங்கிட்ட காட் இல்ல. வாய மூடு," என்றாய். பிறகு அவனிடம் சிங்களத்தில், "என்னுடையது," என்றாய்.

அவர்களில் ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. கொப்பியைப் புரட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தான். "கல்லுக்குக் கீழே... ஆ... நாலு." நிமிர்ந்து உன்னைப் பார்த்தான். "ஆ என்ன? ஆயுதமா?"

"இல்ல சேர். ஆ என்றால் ஆண். ஆண் தவளை."

ஒருவன் சிரித்தான். தமிழ் வாசித்தவன் சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாக இடமும் நேரமும் எண்ணும் இருந்தன. எல்லாம் மலை, பாறை, குழி. "தவளை எங்கே? காட்டு," என்றான். நம்மிடம் ஒரு தவளையும் இல்லை.

என்னைப் பார்த்து இவன் யார் என்று கேட்டார்கள். "தோட்டத்தாள். வழியில ஏறினான். பழக்கமில்ல," என்றாய். என் கிழிந்த கடிதத்தை ஒருவன் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். உன்னையும் பையையும் அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். எங்களை ஏறச் சொன்னார்கள். ஏறினேன். கண்டக்டர் மணி அடித்தான். நீ இருந்த ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். வேறு இடமும் காலியாகத்தான் இருந்தது. ஏன் அதில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உன் வீட்டுக்கு அன்றைக்கே போய்ச் சொன்னேன். அதைச் செய்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அந்தக் கொப்பி யாரோடது தம்பி?"

"அவனோடதும்மா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேட்ட உடனே வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தவள தவளன்னு அலஞ்சானே பாவி. இதுக்குத்தானா அலஞ்சான்!" நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு முப்பத்து மூன்று நாள். உன் அப்பா ஏறாத படி இல்லை, பார்க்காத ஆள் இல்லை. நான் எல்கடுவையில், எங்கள் தோட்டத்து லயத்துக்குள் இருந்தேன். கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. காலையில் எழும்புவேன், தேத்தண்ணி குடிப்பேன், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பயம்கூட முதல் வாரத்தோடு போய்விட்டது. உடம்பில் ஒரு பக்கம் விறைத்தாற்போல ஆகி, அப்படியே இருந்துவிட்டது.

உன்னை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போனார்களாம். நீ நடந்தே வீட்டுக்கு வந்தாயாம். நான் நாலாம் நாள்தான் வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தாய். இரண்டு காதிலும் பஞ்சு. நான் "மச்சான்" என்றதும் என் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தாய்.

"சத்தமா பேசு," என்று கத்தினாய். பிறகு, "இல்ல, சத்தமா பேசினாலும் ஒன்னுதான். எழுதிக் காட்டு," என்றாய்.

இடது காது முழுசாகப் போயிருந்தது. வலது காதில் மட்டும் ஓயாமல் ஒரு இரைச்சல், ஆனால் வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. கண்டியில் காட்டினார்கள். செவிப்பறை இரண்டும் கிழிந்துவிட்டது, உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, இனிச் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நீ கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"முட்டையெல்லாம் பொரிச்சிருச்சா?"

நான் பத்தனைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. காலண்டர் தாளின் பின்புறத்தில், "பொரித்துவிட்டது," என்று எழுதிக் காட்டினேன். நீ தலையாட்டிக்கொண்டாய்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இனிமே கொப்பி கிப்பின்னு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, அடுப்புல போட்டுருவேன்."

"என்னடா சொல்லுது அம்மா?" என்றாய்.

"தேத்தண்ணி ஆறுது," என்று எழுதினேன்.

அடுத்த இரண்டு வருஷத்தில் ஊர் ஒருமாதிரி அடங்கியது. மிஸ் வந்தார். உன்னைப் பார்த்ததும் குடையை மடித்தபடி அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதார். நீ அவரைச் சமாதானப்படுத்தினாய். நான் பக்கத்தில் நின்றேன். கடைசியாக ஒருமுறை பத்தனைக்குப் போக வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். மூவரும் போனோம்.

மழை விட்டிருந்தது. குழிப்பக்கமெல்லாம் சத்தம். சீப்பும் தட்டும் குர்ரும் காது கிழியக் கேட்டன. நீ பழைய கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தாய். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்துவிட்டாய். பிறகு எழுந்து குழிக்குப் போய், அதுவரை நீ செய்யாத வேலையைச் செய்தாய். ஒரு சொறித்தேரையை விலாவோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினாய். ஆண்தேரையை அப்படிப் பிடித்தால் விடு விடு என்பதுபோல உடம்பெல்லாம் துடித்துக் கத்தும். பெண் அநேகமாகச் சும்மா இருக்கும். நீ அதைக் கையில் வைத்து ஒரு நிமிஷம் நின்றாய்.

"ஆ," என்றாய். "எழுது மச்சான். கையில அதிருது."

அன்றைக்குப் பதினோரு தேரை பிடித்தாய். நான் புதுக் கொப்பியில் "ஆண்" என்று முழுசாக எழுதினேன். மிஸ் கொஞ்சம் தள்ளிப் போயிருந்த நேரம், நீ கையைப் புல்லில் துடைத்துக்கொண்டே சொன்னாய், உனக்கே அளவு தெரியாத சத்தத்தில்:

"அம்மாகிட்ட கொப்பி என்னோடதுன்னுதான் சொல்லியிருக்கே. நல்லதாப் போச்சு. இல்லன்னா ஒன்ன வீட்டுக்குள்ள விட்டிருக்காது."

என் கையில் பேனா இருந்தது, கொப்பி இருந்தது. ஒன்றும் எழுதவில்லை. நீ அடுத்த தேரையைத் தேடிப் போய்விட்டாய். அதைப் பற்றி அதன்பிறகு நாம் பேசவே இல்லை.

அறிக்கை அச்சாகி வந்தது. பதினான்கு வகை. நன்றி என்ற பக்கத்தில் ஆங்கிலத்தில் உன் பெயர், அடுத்து என் பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது வேறு யாருடைய பெயரையோ பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

எனக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. பிரஜாவுரிமை வந்து, அடையாள அட்டையும் வந்தது. கொண்டுவந்து உன்னிடம் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "தேர மாதிரி இருக்கே," என்றாய். நீ கலியாணம் கட்டினாய். உன் மனைவி உனக்காக எப்போதும் இடுப்பில் ஒரு சின்னக் கொப்பி செருகிவைத்திருந்தார். உன் மகள் வாயசைவிலேயே உன்னோடு பேசப் பழகிக்கொண்டாள். கடை உன்னுடையதானது. அம்மா, மகன் தவளைப் பைத்தியத்தால் கெட்டான் என்று நம்பியபடியே கண்ணை மூடினார். பாடைக்குப் பக்கத்தில் நீ என் தோளைத் தட்டினாய். யாரை யார் தேற்றுவது என்று பார்த்தவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

ஒரு காலையில் கடை திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்துவிட்டாய். செய்தி வந்ததும் வந்தேன். செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். பந்தல்காரனிடம் பேசினேன், நாற்காலி எண்ணி இறக்கினேன். அழாமல் ஓடியாடி வேலை செய்தேன் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, ஆட்கள் கலைந்தபிறகு, உன் மகள் பின்வளவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கைகழுவப் போனேன்.

"மாமா, ஒன்னு கேக்கணும். அந்தக் கொப்பியப் பத்தி அப்பா வாயே தொறந்ததில்ல. அப்பத்தாதான் சொல்லிச் சொல்லித் திட்டும். அப்பாவுக்குத் தமிழ் எழுதினா கோழி கிண்டின மாதிரி இருக்கும். அவர் எப்படி ஒரு கொப்பி முழுக்க எழுதினாரு?"

இருபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. இந்த முறையும் யோசிக்கவில்லை.

"அது என்னோடது. போகணும்னு சொன்னதும் நான்தான். எங்கிட்ட காட் இல்லன்னு அவன் ஏத்துக்கிட்டான்."

அவள் கையிலிருந்த சட்டியைக் கழுவி முடித்தாள். கவிழ்த்து வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. இந்த வீட்டுக்கு மிச்சம் ஒரு நல்ல மனுஷன் நீங்கதான்னு அம்மா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

சரி என்றேன். அவள் எனக்கு வடையும் பழமும் பையில் போட்டுக் கொடுத்தாள். மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். உன் மனைவி வாசலுக்கே வந்து கூப்பிடுகிறார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தருகிறாள், இரண்டு சொல் பேசுகிறாள், உள்ளே போய்விடுகிறாள். அது நியாயம்தான்.

இன்றைக்குப் பின்னேரம் இங்கே மழை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானில் தவளைகள் ஆரம்பித்துவிட்டன. சீப்பு மூன்று. குர்ரு ஒன்று, இல்லை, இரண்டு. தண்ணீர்ப் பீலிப்பக்கம் மரத்தில் தட்டுகிறவன். நீ இருந்த காலத்தில் எனக்கு இப்படிப் பிரித்துக் கேட்கத் தெரியாது. எப்போது பழகினேன் என்றும் தெரியவில்லை. போய்ப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, மச்சான். எனக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன.